தலையாட்டும் கூட்டம்

அத்தியாயம் பதினேழு

சென்ற வாரத்து அத்தியாயத்தைப் படித்துவிட்டு அந்த வீட்டு மூத்த பிள்ளைக்காகப் பரிதாபப்பட்ட வாசகர்களுக்கு முதலில் ஒரு வார்த்தை. விவரம் தெரியாத பையன் ஆசையாக ஒரு படம் எடுக்கிறான், அதைப் போய் இப்படிக் கிண்டல் செய்யலாமா என்று கேட்டிருந்தீர்கள். அவசரப்பட்டுவிட்டீர்கள். இந்த வாரத்தையும் படித்துவிட்டு அந்தப் பரிதாபத்தைப் பத்திரமாகத் திருப்பி எடுத்துக்கொள்ளுங்கள்.

புதிதாக வந்து உட்கார்ந்தவர்களுக்குக் குடும்பத்தை அறிமுகம் செய்துவிடுகிறேன். கடைத்தெருவில், டயர் கடைக்கும் செருப்புக் கடைக்கும் நடுவில் இருக்கும் காது மெஷின் கடையைத் தொடங்கியவர் அப்பா. கடைத்தெருவே அவரை முதலாளி என்கிறது. வீட்டிலும் அவர் முதலாளியாகத்தான் நடந்துகொள்வார்.

மூத்தவன் நிர்வாகம் பார்க்கிறான். அதாவது, குளிர்பதன அறையில் உட்கார்ந்து போன் பேசுகிறான். கடைக்கு ஒரு படம் எடுக்கப்போகிறேன் என்று கிளம்பிய நாளிலிருந்து வீட்டில் அவனுக்கு டைரக்டர் என்று பெயர்.

சின்னவள் இதற்கென்றே படித்தவள். சத்தம் புகாத ஒரு சின்ன அறையில் வாடிக்கையாளர்களை உட்காரவைத்துக் காதைச் சோதிப்பது அவள் வேலை. வெளியூரில் பெரிய ஆஸ்பத்திரியில் கிடைத்த வேலையைக்கூட அந்த அறைக்காக வேண்டாம் என்றவள். அந்த அறையின் சுவருக்குப் பஞ்சு ஒட்டியதுகூட அவள்தான். அம்மா, அம்மாதான். அவளைப் பற்றி இந்த வீட்டில் யாரும் அதற்கு மேல் யோசித்தது கிடையாது.

சென்ற வாரம் சின்னவள் ஒரு காரியம் செய்தாள். புது மெஷினைச் சரிபார்க்க வேண்டும் என்று பொய் சொல்லி அப்பாவைச் சோதனை அறையில் உட்காரவைத்தாள். பீப் சத்தம் கேட்டால் பட்டனை அழுத்தவேண்டும். அப்பா ஒன்று விடாமல் அழுத்தினார். கண்ணாடி வழியாக மகளின் கையைப் பார்த்துப் பார்த்து அழுத்தினார். அவள் நாற்காலியைத் திருப்பிப் போட்டு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். அதற்குப் பிறகு அவர் விரல் பட்டன் பக்கமே போகவில்லை.

ஆக, ஊருக்கெல்லாம் காது மெஷின் விற்கிறவருக்குக் காது கேட்கவில்லை. கண்ணாடி போட்டுக்கொள்வதில்லையா, இதில் என்ன வெட்கம் என்று வருகிறவர்களிடமெல்லாம் கேட்கிற மனிதர் தன் காதுக்கு ஒன்றை எடுத்து மாட்டிக்கொள்ள மாட்டார். யார் என்ன பேசினாலும் சிரிப்பார், தலையாட்டுவார், 'ரொம்ப நன்றி' என்பார். மிச்சத்தை அம்மா பார்த்துக்கொள்வாள். பக்கத்தில் நின்றுகொண்டு அவர் கையைத் தொட்டால் தலையாட்ட வேண்டும், சட்டைக் கையை இழுத்தால் 'பார்க்கலாம்' என்று சொல்லவேண்டும். கடையும் உறவும் சில வருஷங்களாக இந்த ஏற்பாட்டில்தான் ஓடிக்கொண்டிருக்கின்றன.

வெளியே தெரிந்தால் கடைக்கு யார் வருவார்கள் என்று அம்மா கெஞ்சியதால் சின்னவள் வாயை மூடிக்கொண்டாள். டைரக்டரிடம் யாரும் சொல்லவில்லை.

* * *

இன்று அந்தப் படத்தை முதன்முதலாகக் காட்டும் நாள். ஓய்வு பெற்றோர் சங்கத்து மண்டபத்தை டைரக்டர் காலை வேளைக்குப் பிடித்திருந்தான். டீயும் பிஸ்கட்டும் உண்டு என்று சொல்லியிருந்ததால் கூட்டத்துக்குக் கவலை இல்லை.

வீட்டில் விடிந்ததிலிருந்தே அமர்க்களம். டைரக்டர் குளியலறைக் கண்ணாடி முன்னால் நின்று தன் பேச்சை ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தான். வெளியே அப்பா தோளில் துண்டோடு கதவைத் தட்டினார். வந்துவிட்டேன் என்று உள்ளிருந்து அவன் சொல்லச் சொல்ல, அவர் பாட்டுக்குத் தட்டிக்கொண்டே இருந்தார். அம்மா வந்து அவர் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

பிறகு அவருக்குச் சட்டைப் பித்தானைப் போட்டுவிட்டபடி, மேடையில் தன் பக்கத்திலேயே உட்காரவேண்டும், எழுந்து எங்கேயும் போய்விடக்கூடாது என்று கத்தினாள். கோபத்தால் அல்ல. அவரிடம் காபி வேண்டுமா என்று கேட்பதற்கும் அவள் அப்படித்தான் கத்தியாக வேண்டும். எதிர் வீட்டில் யாரோ ஜன்னலைச் சாத்தினார்கள்.

"எதுக்கு இப்படிக் கத்தற? நான் என்ன செவிடா?" என்றார் அப்பா. அம்மா கடைசிப் பித்தானைப் போட்டுவிட்டு நகர்ந்தாள்.

டைரக்டர் கோட்டுப் போட்டுக்கொண்டு வந்தான். மொத்த வீட்டையும் ஒரு பார்வை பார்த்தான். இந்தக் குடும்பத்தில் தான் பிறந்தது குடும்பத்தின் அதிர்ஷ்டம் என்பது போன்ற பார்வை அது.

* * *

மண்டபத்தில் திரைக்குப் பக்கத்தில் சின்னவள் அண்ணனை மடக்கினாள். படத்தை முந்தின நாள்தான் அவளுக்குப் போட்டுக் காட்டியிருந்தான்.

"அண்ணா, படத்துல ஒரு எழுத்துகூட இல்லையே. பேசறது கீழ பெரிய எழுத்துல வரணும்னு எத்தனை தடவை சொன்னேன்?"

"எழுத்து போட்டா படத்தோட அழகே போயிடும்னு கேமராக்காரர் சொல்லிட்டார்."

"பாக்க வர்றவங்களுக்குக் காது கேக்காதுண்ணா. இதை யாருக்காக எடுத்தே?"

"எல்லாருக்கும்தான்."

சின்னவள் அந்த இடத்திலேயே ஒரு பாடம் நடத்தினாள். கடைக்கு யார் வருகிறார்கள் என்று ஒரு நாளாவது வெளியே வந்து பார்த்திருக்கிறாயா என்று கேட்டாள். தானாக நடந்து வருகிறவர்கள் யாரும் இல்லை. மனைவியோ மருமகளோ கையைப் பிடித்து இழுத்து வருகிறார்கள். வந்தவர் நாற்காலியில் உட்கார்ந்ததும், எனக்கு நல்லாத்தான் கேட்கிறது, இவர்கள்தான் முணுமுணுவென்று பேசுகிறார்கள் என்று ஆரம்பிக்கிறார். அப்படியே வாங்கிப் போனாலும், கரண்டி விழுகிற சத்தம் இடி மாதிரி கேட்கிறது, காதுக்குள் விசில் அடிக்கிறது என்று ஒரே வாரத்தில் அலமாரிக்குள் போட்டுவிடுகிறார். அவருக்குக் காட்ட வேண்டியது, தடித்த விரலால் பாட்டரியை எப்படி மாற்றுவது, விசில் ஏன் வருகிறது, எத்தனை நாளில் பழகும் என்பதை. கூட்டி வருகிற வீட்டுக்காரிக்குக் காட்ட வேண்டியது, இனிமேல் கத்த வேண்டாம் என்பதை. பின்னணியில் இசையைப் போடவே கூடாது, காது மந்தமானவர்களுக்குப் பேச்சும் இசையும் சேர்ந்தால் வெறும் இரைச்சல்.

அத்தனையும் நியாயம். ஆனால் சின்னவளிடம் ஒரு கோளாறு உண்டு. நியாயத்தைப் பேச ஆரம்பித்துவிட்டால் எதிரே நிற்கிறவன் முகத்தைப் பார்க்க மாட்டாள். பார்த்திருந்தால், அண்ணன் கொட்டாவியை அடக்கிக்கொண்டு வாசல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தது தெரிந்திருக்கும். யார் வரப்போகிறார்கள் என்று கேட்கவாவது தோன்றியிருக்கும்.

"உனக்கு பிசினஸ் தெரியாது. நீ போய் பீப் அடிச்சுக்கிட்டு இரு" என்று சொல்லிவிட்டு அவன் வாசலுக்கு விரைந்தான்.

* * *

கூட்டம் நிறைந்தது. பெரியவர்கள் முன்வரிசைகளில், அவர்களை அழைத்து வந்த பெண்கள் பின்வரிசைகளில். மேடையில் அப்பாவும் அம்மாவும். மூலையில் கேமராக்காரர், இன்றைய நிகழ்ச்சியையும் படம் பிடித்துக்கொண்டிருந்தார்.

விளக்குகளை அணைத்துப் படத்தைப் போட்டார்கள்.

முதலில் ட்ரோன். அது வானத்திலிருந்து கடைத்தெருவை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுக் கடையின் மொட்டை மாடியைக் காட்டியது. மாடியில் ஒரு தண்ணீர்த் தொட்டியும் கால் உடைந்த இரண்டு நாற்காலிகளும் இருந்தன. பிறகு டைரக்டர் கண்ணாடிக் கதவைத் திறந்துகொண்டு மெதுவாக, மிக மெதுவாக நடந்து வந்தான். கோட்டின் பித்தானைப் போட்டான். தூரத்தில் எதையோ பார்த்தான். அங்கே இருப்பது டயர் கடை என்பது தெருக்காரர்களுக்குத் தெரியும்.

கனத்த ஆண்குரல் ஒன்று தொலைநோக்கு, புதுமை, உலகத் தரம், நாளைய பாதை என்று முழங்கியது. அதற்கும் மேலே இசை முழங்கியது. காதில் மெஷின் வைத்த இளம்பெண் ஒருத்தி கடற்கரையில் ஓடினாள். எதற்கு ஓடினாள் என்று படம் முடியும் வரை யாரும் சொல்லவில்லை. கடைக்கு வருகிறவர்களில் ஓடக்கூடியவர் ஒருவரும் கிடையாது. சுழலும் தட்டில் ஒரு மெஷின் கண்மூடித் திறப்பதற்குள் வந்து போனது. அதைவிட அதிக நேரம் கடையின் அலமாரிகளைக் காட்டினார்கள், சோதனை அறையின் கதவைக் காட்டினார்கள், கடைத்தெருவின் நெரிசலைக் காட்டினார்கள். ஒரு வரைபடத்தில் அம்பு ஒன்று மேலே ஏறிக்கொண்டே போனது. நடுவில் அப்பா வந்தார், நாற்காலியில் உட்கார்ந்து தலையாட்டினார், போனார்.

விளக்கு எரிந்தது. சின்னவள் முகத்தை மூடிக்கொள்ளத் தயாரானாள்.

மண்டபம் முழுக்கக் கைதட்டியது. முன்வரிசையில் இருந்த அத்தனை பேரும் சிரித்த முகமாகத் தலையாட்டினார்கள். அதில் ஆச்சரியப்பட ஒன்றும் இல்லை. காது கேட்காததை மறைப்பதற்கு அவர்கள் வருஷக்கணக்காகச் செய்து வருவது அதைத்தான். பக்கத்தில் இருப்பவன் தட்டினால் தானும் தட்டவேண்டும், பக்கத்தில் இருப்பவன் சிரித்தால் தானும் சிரிக்கவேண்டும். மேடையில் அப்பாவும் அதையேதான் செய்துகொண்டிருந்தார்.

பின்வரிசையில் ஒரு பெண்மணி மட்டும் பக்கத்தில் இருந்தவளிடம், எல்லாம் சரி, இதில் பாட்டரி எத்தனை நாள் வரும் என்று சொன்னார்களா என்று கேட்டாள். பக்கத்தில் இருந்தவள் உதட்டைப் பிதுக்கினாள்.

* * *

சின்னவள் பின்வரிசையை ஒட்டி நின்றுகொண்டிருந்தாள். அவளுக்குப் பக்கத்தில், அந்தக் கூட்டத்துக்குக் கொஞ்சமும் பொருந்தாத ஒருவர் உட்கார்ந்திருந்தார். டைரக்டர் போட்டிருந்ததைவிட நல்ல கோட்டு. படம் ஓடியபோது கண்ணை எடுக்காமல் பார்த்தவர் அவர் ஒருவர்தான். அம்பு மேலே ஏறியபோது அவர் முகம் மலர்ந்ததையும் அவள் பார்த்திருந்தாள்.

அவர் எழுந்து அவளிடம் வந்தார். மிகவும் மரியாதையானவர்.

"நீங்கதானே டெஸ்ட் பண்றவங்க? அண்ணன் சொன்னார். கவலைப்படாதீங்க, உங்களை நாங்க விட்டுட மாட்டோம். எங்களுக்கு எல்லா இடத்துலயும் கிளை இருக்கு, எங்கயாவது ஒண்ணுல போட்டுடலாம்."

"என்னை எதுக்குப் போடணும்?"

"கடையை நாங்க எடுத்துக்கறோமே, அதைச் சொன்னேன். அந்தச் சின்ன ரூம் இருக்கில்ல, அதை எடுத்துட்டா இன்னொரு ஷோகேஸ் வைக்கலாம். டெஸ்ட் எல்லாம் இப்ப போன்லயே பண்ணிக்கறாங்க."

அப்பா இதற்குச் சம்மதிக்கவே மாட்டார் என்றாள்.

"சம்மதிச்சுட்டாரே" என்றார் கோட்டுக்காரர். "போன ஞாயித்துக்கிழமை வீட்டுக்கு வந்து, எதிர்லயே உக்காந்து எல்லாத்தையும் விளக்கமாச் சொன்னேன். சிரிச்ச முகமாத் தலையாட்டினார். ரொம்ப நன்றின்னார். ஒரு கேள்வி கேக்கலை. இவ்வளவு பெரிய மனசுள்ள மனுஷரை நான் பாத்ததில்லைங்க."

போன ஞாயிற்றுக்கிழமை. அன்றைக்குத்தான் டைரக்டர் காரையும் கொடுத்து, கூடைநிறையப் பழத்தையும் கொடுத்து, அம்மாவையும் தங்கையையும் தன் மாமியாரைப் பார்த்துவிட்டு வரச் சொல்லியிருந்தான். என்ன திடீர்ப் பாசம் என்று இரண்டு பேரும் காரில் சிரித்துக்கொண்டே போயிருந்தார்கள்.

இப்போது அவளுக்கு எல்லாம் புரிந்தது. ட்ரோன் எதற்கு, கடைத்தெருவின் நெரிசல் எதற்கு, அம்பு எதற்கு, எழுத்து ஏன் இல்லை என்பதெல்லாம் புரிந்தது. இந்த மண்டபத்தில் இருந்த மற்ற யாருக்காகவும் அந்தப் படம் எடுக்கப்படவில்லை. கோட்டுப் போட்ட இந்த ஒரே ஒருவருக்காக எடுத்த படம் அது. அவர் எதைப் பார்த்தால் மயங்குவார் என்று தெரிந்து எடுத்த படம். முன்வரிசைக் கிழவர்கள் கைதட்டுவதற்காகக் கூட்டி வந்த கும்பல், அவ்வளவுதான். யாருக்குப் படம் எடுக்கிறாய் என்று அவள்தான் அவனுக்கு வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தாள்.

அப்பாவையும், யாரும் சொல்லாமலே, அவன் நன்றாகத்தான் தெரிந்துவைத்திருந்தான். கேட்காத எதற்கும் சரி என்று சொல்லும் மனிதர் என்று தெரிந்து, பக்கத்தில் அம்மா இல்லாத வேளையாகப் பார்த்து, காதுக் கடைக்காரருக்கே காது குத்திவிட்டான். இவனை முட்டாள் என்று நினைத்து நாம் இத்தனை வாரம் சிரித்தோம். இவன் முட்டாள் இல்லை. முட்டாளாக இருந்திருந்தால் வீட்டுக்குக் கொஞ்சம் நல்லதாக இருந்திருக்கும்.

* * *

டைரக்டர் மைக்கைப் பிடித்தான். குரலில் தேன் வழிந்தது. அடுத்த மாதத்திலிருந்து நம் கடை ஒரு பெரிய நிறுவனத்தோடு இணைகிறது, இது அப்பாவின் கனவு, அப்பாவே மனமுவந்து ஆசி கொடுத்திருக்கிறார், இதோ உங்கள் முன்னிலையில் கை குலுக்கப் போகிறார் என்று அறிவித்தான். கேமராவை அருகில் வரச் சொல்லிச் சைகை காட்டினான்.

முன்வரிசை தலையாட்டிக் கைதட்டியது.

அம்மாவுக்குக் கேட்டது. அவள் மகனையே பார்த்துக்கொண்டிருந்தாள். கணவரின் கையைத் தொடுவதா, சட்டையை இழுப்பதா என்று அவளுக்குத் தெரியவில்லை. இரண்டும் செய்யாமல் கையை மடியில் வைத்திருந்தாள். மகன் அழைத்த தோரணையைப் பார்த்து, அப்பாவே தானாகப் புரிந்துகொண்டு எழுந்தார்.

சின்னவள் மேடைக்கு ஓடினாள். அப்பாவுக்கு எதிரே நின்று, உதடு தெரியும்படி, நிதானமாகச் சொன்னாள்.

"அப்பா, அண்ணன் கடையை விக்கறான்."

அப்பா புன்னகைத்தார். தலையாட்டினார். மகளின் கன்னத்தைத் தட்டிக்கொடுத்துவிட்டு, படியேறி வந்துகொண்டிருந்த கோட்டுக்காரரை நோக்கிக் கையை நீட்டினார்.

அவளுக்கு இரண்டு வழிதான் இருந்தது. பேசாமல் இருந்தால் கடை போகும், அந்த அறை போகும். கத்தினால் அப்பாவின் மானம் போகும், அதுவும் அவரிடம் மெஷின் வாங்கிய அத்தனை பேருக்கும் முன்னால். அம்மாவுக்குக் கொடுத்த வாக்கும் போகும். அவள் அம்மாவைப் பார்த்தாள். அம்மா வேண்டாம் என்று சொல்லவில்லை.

சின்னவள் அண்ணன் கையிலிருந்த மைக்கைப் பிடுங்கினாள்.

"அப்பா! கடையை வித்துட்டான். உங்களுக்குக் காது கேக்காதுன்னு தெரிஞ்சேதான் வித்துட்டான்!"

ஒலிபெருக்கி அலறியது. அன்று காலையிலிருந்து அந்த மண்டபத்தில் எல்லோருக்கும் கேட்ட ஒரே விஷயம் அதுதான். முன்வரிசையில் தலையாட்டல் நின்றது. ஒரு பெரியவர் பின்னால் திரும்பித் தன் மனைவியிடம், "இவருக்குமா?" என்று கேட்டார்.

அப்பாவுக்கும் கேட்டது. மகனைப் பார்த்தார், மகளைப் பார்த்தார், கூட்டத்தைப் பார்த்தார். கூட்டம் அவருடைய காதைப் பார்த்துக்கொண்டிருந்தது.

கடையைக் காப்பாற்ற அவர் ஒரே ஒரு வாக்கியம் சொன்னால் போதும். ஆமாம், எனக்குக் கேட்கவில்லை, அன்றைக்கு இவர் என்ன சொன்னார் என்றே தெரியாது என்று சொன்னால் போதும். அந்த மண்டபத்தில் அதைப் புரிந்துகொள்ளாதவர் ஒருவரும் இருந்திருக்க மாட்டார். மகளின் கண் அதற்காகக் கெஞ்சியது.

அப்பா மைக்கை வாங்கினார்.

"எனக்குக் காது நல்லாத்தான் கேக்குது. அன்னிக்கு இவர் சொன்னது எல்லாமே கேட்டுச்சு. நான் சொல்லித்தான் கடையைக் கொடுக்கறோம். சின்னப் பொண்ணு, தெரியாமப் பேசிட்டா."

சொல்லிவிட்டுக் கோட்டுக்காரரின் கையைப் பிடித்துக் குலுக்கினார். கேமராக்காரர் அதை நெருக்கத்தில் எடுத்தார். வாழ்நாள் முழுக்கக் கட்டிய கடையைத் தன் காதைப் பற்றி நான்கு பேர் பேசக்கூடாது என்பதற்காக ஒருவர் தூக்கிக் கொடுத்ததை அந்த மண்டபம் பார்த்தது. சின்னவள் மேடையின் படியில் உட்கார்ந்துவிட்டாள். அழுகை வரவில்லை. அருவருப்பாக இருந்தது. அண்ணன்மீது வந்ததைவிட அப்பாமீது அதிகமாக வந்தது. அது அவளுக்கே பயமாக இருந்தது.

டைரக்டர் கோட்டைச் சரிசெய்துகொண்டு, எல்லோரும் டீ சாப்பிடலாம் என்றான்.

கூட்டம் பிஸ்கட் பக்கம் நகர்ந்தது. அப்போதுதான் அம்மா எழுந்தாள். அப்பாவைத் தாண்டி, மகனைத் தாண்டி, கோட்டுக்காரர் எதிரில் போய் நின்றாள். கத்தவில்லை. இவளுக்கு இப்படி ஒரு குரல் இருப்பதையே பிள்ளைகள் மறந்திருந்தார்கள். அவ்வளவு மெதுவாகப் பேசினாள்.

"தம்பி, ஒரு நிமிஷம். கை குலுக்கினதெல்லாம் சரி. கடை அவர் பேர்ல இல்லை. என் பேர்ல இருக்கு."

ஒளித்துவைத்த இரகசியம் ஒன்றும் இல்லை அது. கடை தொடங்கியபோது அப்பா அரசாங்க வேலையில் இருந்தார், தன் பெயரில் வியாபாரம் செய்ய முடியாது. அதனால் மனைவி பெயரில் தொடங்கினார். வருஷத்துக்கொரு முறை கடைக் கணக்குத் தாள்களில் பென்சிலால் புள்ளி வைத்துக் கொடுப்பார்கள், அந்த இடத்தில் அம்மா கையெழுத்துப் போடுவாள். வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். யாருக்கும் நினைவில் இல்லாத விஷயம்.

டைரக்டர் சிரிக்க முயன்றான். "அம்மா, அது சும்மா ஒரு ஏற்பாடும்மா. இவர்கிட்டப் போய் அதெல்லாம்..."

கோட்டுக்காரர் சிரிக்கவில்லை. முதல் தடவையாக அவனை மேலும் கீழும் பார்த்தார். பிறகு அம்மாவின் பக்கம் நன்றாகத் திரும்பி நின்றார்.

"எனக்கு இதை யாருமே சொல்லலைங்களேம்மா. இப்ப உங்க முடிவு என்ன?"

"என்னை இதுவரைக்கும் யாரும் கேட்டதில்லை தம்பி" என்றாள் அம்மா. வெள்ளையாகக் கிடந்த திரையை ஒருமுறை பார்த்தாள். "இந்தப் படத்தை இவன் உங்களுக்காக எடுத்திருக்கான். எனக்குன்னு ஒண்ணு எடுத்துக்கிட்டு வரச் சொல்லுங்க. பாத்துட்டு அப்புறமாச் சொல்றேன்."

அவள் பேசியதில் ஒரு வார்த்தைகூட அப்பாவுக்குக் கேட்கவில்லை. மனைவி நல்லதாக ஏதோ சொல்கிறாள் என்று நினைத்து, கோட்டுக்காரரைப் பார்த்துச் சிரித்த முகமாகப் பலமாகத் தலையாட்டினார்.